பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்

கிறிஸ்தவ சபைகளில் இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியத்துக்குப் புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, பிள்ளைகளைக் கூட்டத்துக்கு எப்படி வர வைக்கிறது?” கிட்டார் வாங்கலாமா, விளையாட்டுப் போட்டி வைக்கலாமா, வெளியூர்ப் பிரசங்கியாரைக் கூப்பிடலாமா என்று யோசனையும் அவர்களே சொல்வார்கள். எல்லாம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை ஓரிடத்துக்கு வாராவாரம் தானாக வர வேண்டும் என்றால், தான் போகாவிட்டால் அங்கே ஒரு வேலை நின்றுபோகும் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டைப் பக்கத்தில் எங்கள் சபையில் நான் கண்டது இதுதான்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு அசனம் என்கிற சபை விருந்து பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிரதிஷ்டைப் பண்டிகை வந்தால் ஊரே கூடி ஆக்கி, ஊரே உட்கார்ந்து சாப்பிடும். முந்தின நாள் ராத்திரி கோயில் வளாகத்தில் வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, விடிவதற்குள் வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டி ஆற வைப்பது என்று நூறு வேலை இருக்கும். இதில் பிள்ளைகளை எதற்குக் கூப்பிடுவோம்? “ஏலே, அந்த வாளிய எடு”, “தண்ணி வை”. எடுபிடி வேலைக்குத்தான். பெண்பிள்ளைகள் என்றால் வெங்காயத்தோடு சரி. நான் பொறுப்புக்கு வந்ததும் பந்தியை அவர்களிடமே விட்டுவிடலாம் என்று எங்கள் போதகரான ஐயரிடம் கேட்டேன். எந்த வரிசைக்கு யார், குழம்பு வாளி யார் கையில், நடக்க முடியாத பெரியவர்களுக்கு வீட்டுக்கு யார் கொண்டுபோவது, கடைசிப் பந்தி முடிந்ததும் எச்சில் இலை யார் எடுப்பது, எல்லாவற்றையும் அவர்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். இலை எடுக்கிற பட்டியலில் முதலில் இருந்தது பாடகர் குழுவில் தனிப்பாட்டு பாடுகிற பிள்ளையின் பெயர். அவளே எழுதியிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எங்கள் பிள்ளைகளுக்கு மைக் மேல் ஆசை அதிகம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். சபையில் கைதட்டு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான் என்று நாம்தானே காட்டி வைத்திருக்கிறோம். பாடத் தெரியாத, பேசக் கூச்சப்படுகிற பிள்ளை எங்கே போகும்?

அப்படி ஒரு பையன் கடைசி பெஞ்சில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஒன்பதாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். கண் மங்கிப்போன ஒரு ஆச்சிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் வேதம் வாசித்துக் கொடுக்க முடியுமா என்று அவனிடம் கேட்டேன். முதல் தடவை கூடவே போனேன். சங்கீதம் 91. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தான். நாலாம் வசனத்தில், கேடயம் என்ற பொருளில், ‘பரிசை’ என்றிருப்பதை ‘பரிசு’ என்று வாசிக்க, ஆச்சி கண்ணை மூடியபடியே, “பரிசு இல்ல ராசா, பரிசை” என்றார்கள். அவன் புஸ்தகத்தைப் பார்த்தான், ஆச்சியைப் பார்த்தான். முழுச் சங்கீதமும் ஆச்சிக்கு மனப்பாடம்! யார் யாருக்கு வாசித்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியாத அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு, அவனை நான் ஒருநாளும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. பரீட்சை நேரத்தில் போக முடியாவிட்டால் தங்கச்சியை அனுப்பிவிடுகிறான்.

பரீட்சை என்றதும் பெற்றோர் ஞாபகம் வருகிறது. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் “இந்த ஒரு வருஷம் விட்டுருங்க தம்பி” என்பார்கள். அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் நீட். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்த மாணவனிடமும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுப்பதும் இல்லை. வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் கேட்பேன்.

ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டு இயேசு பெருங்கூட்டத்துக்கே சாப்பாடு கொடுத்த அற்புதம் நாலு சுவிசேஷத்திலும் இருக்கிறது. அப்பம் ஒரு பையனிடம் இருந்தது என்று சொல்வது யோவான் மட்டும்தான். அவ்வளவு கூட்டத்தில் அந்தப் பையனைக் கவனித்துச் சொன்னவர் இயேசுவின் சீஷரான அந்திரேயா. இது எம்மாத்திரம் என்ற சந்தேகம் அவருக்கும் இருந்தது, இருந்தாலும் சொன்னார். வாலிபர் தலைவர்கள் தங்களுக்கு மாதிரியாக அந்திரேயாவை வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர் மத்தியில் வேலை செய்தவர். 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 28. நம் சபையாரின் காணிக்கையில், நம் ஆட்களையே அனுப்புகிற சங்கம். 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். பிள்ளைகளை வெள்ளாளன்விளைக்குக் கூட்டிப்போனபோது ஒருத்தி, “இவ்வளவு சின்ன ஊரா அண்ணே?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே கூட்டிப்போகலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு நூற்றுக்கணக்கானவர்கள் சிக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு அது வீடு வீடாகப் போய் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிற கீதபவனி வாரம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, “அண்ணே, கேக்குக்கு வச்ச காசு இருக்குல்ல?” என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது. வெள்ளத்துக்குள் யாரையும் அனுப்பவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு, பெற்றோரிடம் அனுமதி கேட்டு, பெரியவர்களும் கூட வர, ஏரல் பக்கம் வீடு கழுவப் போனோம். சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றேன். சேற்றில் நிற்கிறவருக்கு அன்று தேவை துடைப்பமும் இன்னும் இரண்டு கையும்தான். ஒரு வீட்டில் கல்யாண ஆல்பம் சேறோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு பிள்ளைகள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு போட்டோவாகப் பிரித்து, ஈரத்துணியால் ஒற்றி, மொட்டைமாடியில் காயவைத்தார்கள். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தோன்றவில்லை, அவர்களுக்குத் தோன்றியது.

வருகிற பண்டிகைக்கு ஸ்டோர் பொறுப்பைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் கொடுக்கலாம் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். சாவியும் அரிசி, எண்ணெய்க் கணக்கும் அவளிடம். சில பெரியவர்கள் தயங்குகிறார்கள், பேசிக்கொண்டிருக்கிறோம். அவள் அதற்குள் பாளை மார்க்கெட்டில் விலை விசாரித்துவிட்டு, தேங்காயை மட்டும் தோப்பிலேயே நேராக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.