அம்மா பென்சிலால் வட்டமிட்ட மூன்று வரிகள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் அம்மா தன் பேங்க் ஸ்டேட்மெண்டை என் முன்னால் விரித்து வைத்தார். மூன்று இடங்களில் பென்சிலால் வட்டம். "பாரும்மா, ஏதோ சாப்பாட்டுக் கம்பெனி பேரு மாதிரி இருக்கு, நான் ஒண்ணுமே வாங்கலையே" என்றார், குரலில் பயம் இருந்தது. கார்டை உடனே பிளாக் செய்துவிடலாம் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் அரைமணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது மூன்றுக்கும் மூன்று வேறு காரணம் இருந்தது.

இந்த வரிகள் ஏன் இப்படிப் புரியாமல் வருகின்றன என்றால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கில் கடையின் பெயருக்கு வழக்கமாக இருப்பது 22 முதல் 25 எழுத்துக்கான இடம்தான். அதற்குள் பணத்தை வாங்கித் தரும் கம்பெனியின் சுருக்கப் பெயர், ஒரு நட்சத்திரக் குறி, அப்புறம் உணவகத்தின் பெயர் எல்லாம் நெருக்கியடித்து உட்கார வேண்டும், வால் பகுதி வெட்டுப்பட்டுப் போகும். டோர்டேஷ் என்ற உணவு டெலிவரி ஆப் என்றால் முன்னால் 'டிடி', பிறகு நட்சத்திரம். ஊபர் ஈட்ஸ் என்றால் இரண்டு சொல்லுக்கும் நடுவில் நட்சத்திரம். சில சமயம் ஆப்பின் பெயரே இருக்காது, அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயர்தான் இருக்கும். ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் போன் நம்பர் இருக்கிறதே என்றும் பதற வேண்டாம், ஆன்லைன் வியாபாரத்தில் அங்கே கஸ்டமர் சர்வீஸ் நம்பரைப் போடுவது வழக்கம்தான்.

அதனால் பெயரோடு மல்லுக்கட்டாமல் தொகையைப் பிடியுங்கள். சில்லறை வரை அப்படியே மெயிலில் போட்டுத் தேடினால் பெரும்பாலும் பில் வந்து நிற்கும். தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளியிருக்கலாம், சனிக்கிழமை இரவு சாப்பிட்டது திங்கட்கிழமைக் கணக்கில் ஏறும். தொகையும் மாறலாம். டிப்ஸ் பிறகு சேர்ந்திருக்கும், ஒரு பொருள் இல்லையென்று கழித்திருப்பார்கள், ஒரே ஆர்டரை இரண்டாகப் பிரித்து எடுத்திருப்பார்கள். 'பெண்டிங்' என்று இருப்பது பணத்தைத் தற்காலிகமாக ஒதுக்கி வைத்திருப்பதுதான், அது உறுதியாகும்போது வேறு தொகையாக வரலாம், இல்லை தானே மறைந்தும் போகலாம்.

அம்மாவின் முதல் வரி இப்படித்தான் பிடிபட்டது. தம்பி வந்து தங்கியிருந்தபோது அவன் ஆப்பில் அம்மாவின் கார்டைப் போட்டு ஆர்டர் செய்திருக்கிறான், அது அங்கேயே சேமிப்பில் இருந்துவிட்டது. ஊருக்குப் போனபிறகும் கவனிக்காமல் அதிலேயே வாங்கியிருக்கிறான். இரண்டாவது, டெலிவரி இலவசம் என்ற உறுப்பினர் திட்டம். முதல் மாதம் சும்மா கொடுத்துவிட்டு அடுத்த மாதத்திலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வகை. இதை ஆப்பிலேயே ரத்து செய்ய வேண்டும், கார்டை மாற்றினால் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலுமே புதிய கார்டு நம்பரைக் கடைகளுக்குத் தானாகத் தெரிவிக்கும் வசதி உண்டு.

மூன்றாவது வரிதான் நிஜமான திருட்டு. சின்னத் தொகை, அம்மா வட்டம் போடாமல் விட்டிருந்தால் நானும் தாண்டிப் போயிருப்பேன். திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று பார்க்க முதலில் இப்படிக் கொஞ்சமாக எடுத்துப் பார்ப்பார்கள், அதனால் சின்னதுதானே என்று விடவே கூடாது. இங்கே ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள்: அந்த ஆர்டர் உங்கள் ஆப்பின் பழைய ஆர்டர் பட்டியலில் இருக்கிறதா? இருந்தால், யாரோ உங்கள் கணக்குக்குள்ளேயே நுழைந்திருக்கிறார்கள், பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றி, சேமித்த கார்டை நீக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு நம்பரே வேறு எவர் கையிலோ இருக்கிறது, பாஸ்வேர்டை மாற்றிப் பயனில்லை, கார்டை பிளாக் செய்துதான் ஆக வேண்டும். அம்மாவின் பட்டியலில் அது இல்லை. பிளாக் செய்தோம்.

பேங்குக்குப் போன் செய்யும்போது கார்டின் பின்பக்கம் இருக்கும் நம்பரை மட்டும் பயன்படுத்துங்கள். கஸ்டமர் கேர் நம்பர் என்று இணையத்தில் தேடி முதலில் வருவதைக் கூப்பிட்டு, ரீஃபண்ட் தருகிறோம் என்ற பேச்சை நம்பி ஓடிபி சொல்லி, இருந்ததையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும், நினைத்தாலே வயிறு எரிகிறது. பணம் திரும்பி வருவதற்கு ஓடிபி எதுக்கு? அப்புறம், ஆப்பின் தவறு என்றால் முதலில் ஆப்பிடம் கேளுங்கள், திருட்டு என்றால் நேராக பேங்க்தான். இந்த மாதிரி திருட்டில் பணத்தைத் திரும்பக் கேட்க விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் அவகாசம் இருந்தாலும் உங்கள் பேங்க் அதற்கு முன்பே புகாரைக் கேட்கலாம், அன்றைக்கே சொல்லிவிடுவதுதான் நல்லது.

அம்மாவுக்குப் பணம் திரும்ப வந்தது, புதுக் கார்டும் வந்தது. ஒவ்வொரு செலவுக்கும் உடனே மெசேஜ் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். நேற்று போன் செய்தார். "இந்த மாச ஸ்டேட்மெண்ட் வந்துடுச்சு, நானே ஒவ்வொண்ணா மெயில்ல தேடிட்டேன். ஒண்ணுதான் கிடைக்கலை, நீ வந்து பாரு" என்றார்.