சிலிம் ரிவர் மண் பூசிய டாங்கி

2 நவம்பர் 2024, சனி

தீபாவளிக் கூட்டம் கலைந்து வீடு அமைதியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையை அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கோலாலம்பூரில் வாங்கி வந்த பெட்டியை இன்றுதான் பிரித்தேன். தமியா நிறுவனத்தின் டைப் 97 சி-ஹா, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் மாதிரி டாங்கி. 1/35 அளவு, அதாவது நிஜ வண்டியின் நீளத்தில் 35-இல் ஒரு பங்கு. 1942-இல் ஜப்பான்காரன் மலாயாவில் ஓட்டி வந்த நடுத்தர டாங்கி.

கடையில் முன்வரிசை அலமாரி முழுக்க கன்டாம் ரோபோக்கள். டாங்கிகள் கீழ்த்தட்டில் இருந்தன. புதிதாக ஆரம்பிக்கிறேன் என்றதும் கடைக்காரர் ஜெர்மன் டைகர் டாங்கியைத்தான் எடுத்துக் காட்டினார். எல்லோரும் அதில்தான் தொடங்குவார்களாம். எனக்கு வேண்டாம். டைகர் எங்கள் ஊர்ப் பக்கம் வந்ததில்லை. சி-ஹா வந்தது. 7 ஜனவரி 1942, விடியாத இருட்டில், துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை எங்கள் பெரிய சடக்கில், அந்த நெடுஞ்சாலையில்தான் அது ஓடியது. நான் தினமும் தோட்ட ஆபீசுக்கு மோட்டாரில் போகும் பாதையில் ஒரு பகுதி அது. செய்வதானால் அந்த வண்டியைத்தான் செய்ய வேண்டும், அதுவும் இந்த ஊர் மண்ணோடு.

9 நவம்பர், சனி

நிஜ வண்டி 15 டன் எடை, சுமார் ஐந்தரை மீட்டர் நீளம், உள்ளே நான்கு பேர். 35-ஆல் வகுத்தால் 16 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. உள்ளங்கையில் நிற்கும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க நிப்பர் என்ற சின்ன வெட்டுக்குறடு ஒன்று தனியாக வேண்டும். நகவெட்டி சரிப்படாது. பாகத்தை ஒட்டி ஒரே வெட்டாக வெட்டினால் பிளாஸ்டிக் வெளிறிப்போகும். முதலில் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் நெருக்கி ஒரு வெட்டு. மிச்ச மேட்டை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும். சி-ஹாவின் உடம்பெல்லாம் ஆணித்தலைகள். தகடுகளைப் பற்றவைக்காமல் ஆணியடித்து இணைத்த காலத்து வண்டி. ஒவ்வொரு ஆணித்தலையும் கடுகைவிடச் சிறியது. உப்புத்தாள் அதன் பக்கம் போகவே கூடாது.

பச்சை மூடி போட்ட அந்த மெல்லிய பசை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இடுக்கில் தூரிகை நுனியைத் தொட்டால் போதும், பசை தானே இடுக்கு நெடுக ஓடிவிடுகிறது. பிளாஸ்டிக்கையே இளக்கி ஒன்றாக்குவதால் காய்ந்தபின் இணைப்பைப் பிரிக்க முடியாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், நெடி தலையைப் பிடிக்கும்.

17 நவம்பர், ஞாயிறு

இன்று பசை வேலை இல்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு துரோலாக் வரை போய் வந்தேன்.

அந்த இரவுக்கு முன்பே பெரிய சடக்கின் வளைவுகளை நிமிர்த்தியிருந்தார்கள். பழைய வளைவுகள் கைவிடப்பட்ட துண்டுச் சாலைகளாகக் கித்தா (ரப்பர்) தோட்டங்களுக்குள் கிடந்தன. முன்னால் தடுப்புகளில் சிக்கியபோது ஜப்பானிய டாங்கிகள் அந்தத் துண்டுகளுக்குள் புகுந்து பக்கவாட்டில் வந்து சேர்ந்தன. பிரிட்டிஷ்காரர் பக்கம் நின்ற 11-ஆவது இந்தியப் படைப்பிரிவின் வரிசை அப்படித்தான் உடைந்தது. ஹைதராபாத், பஞ்சாப் ரெஜிமென்ட்காரர்கள், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். வடக்கே கம்பாரில் நடந்த சண்டை முடிந்து ஒரு வாரம்கூட ஆகாத, தூக்கமில்லாத ஆட்கள். அவர்கள் பக்கம் ஒரு டாங்கிகூடக் கிடையாது. டாங்கியைத் தடுக்கும் பீரங்கியும் கண்ணிவெடியும் கொஞ்சம்தான். காலைப் பசியாறும் நேரம் தாண்டுவதற்குள் சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். நான்கே நாளில், 11-ஆம் தேதி, கோலாலம்பூரும் போனது.

இப்போது அங்கே பெரும்பாலும் செம்பனை. கித்தா மரங்கள் குறைந்துவிட்டன. மண் மட்டும் அதே மண். தோட்டத்துச் சாலை ஓரத்தில் ஒரு டப்பா நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன்.

1 டிசம்பர், ஞாயிறு

உடல், பீரங்கிக் கூண்டு, சக்கரங்கள் எல்லாம் ஒட்டியாயிற்று. கூண்டைச் சுற்றி லாட வடிவில் ஒரு ஏரியல் வருகிறது. அதை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், கை பட்டால் முறியும்.

இனி பிரைமர், வண்ணத்துக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு. நம் ஊரில் ஸ்பிரே அடிக்க நினைப்பவர்கள் வானத்தைப் பார்த்துத்தான் டப்பாவைத் தொட வேண்டும். லாக்கர் வகைப் பூச்சில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்துவிடுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பூச்சு பால் தெளித்ததுபோல வெளுத்துப்போகும். இந்த மாதம் மதியம் மூன்று மணிக்கு மேல் மழை கொட்டாத நாள் அரிது. ஆகவே வெயில் ஏறிப் பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில், வாசல் ஐந்தடித் தாழ்வாரத்தில் வைத்து அடித்தேன். மெல்லிய தூறலாக, கையை நிறுத்தாமல். சாம்பல் நிறம் ஏறியதும் ஆணித்தலைகள் அத்தனையும் எழுந்து நின்றன. பிளாஸ்டிக் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாதவை!

8 டிசம்பர், ஞாயிறு

வண்ணம். வண்ணத்தைக் காற்றோடு தெளிக்கும் காற்றுத் தூரிகை என்னிடம் இல்லை, இப்போதைக்கு வாங்கவும் போவதில்லை. ஜப்பானியரின் அந்தக் கால வண்டிகளுக்குக் கைத்தூரிகையே பொருத்தம். மண் நிறம், பழுப்பு, பச்சை என்று திட்டுத் திட்டாகப் பூசி, அதன்மேல் வளைந்து நெளிந்து ஒரு மஞ்சள் பட்டை நீளவாக்கிலும் இன்னொன்று குறுக்கிலும் இழுத்திருப்பார்கள். ஓரங்கள் கூர்மையாக இருக்கும்.

கைத்தூரிகைக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்தான் தோது. ஆனால் தமியாவின் அக்ரிலிக் வேண்டாம், தூரிகைக்கு அடியிலேயே காய்ந்து, இரண்டாம் பூச்சு முதல் பூச்சை இழுத்துக்கொண்டு வந்துவிடும். அது ஸ்பிரேக்கு நல்ல சரக்கு. பூச்சு நீர்க்க இருக்க வேண்டும். முதல் கை கோடு கோடாகத் தெரியும், பதறக் கூடாது. நன்றாகக் காயவிட்டு இரண்டாம் கை, தேவையானால் மூன்றாம் கை. மஞ்சள் எதையும் மறைக்காத நிறம். பச்சையின் மேல் நேராகப் பூசினால் அழுக்குப் பச்சையாகவே நிற்கும். முதலில் வெளிர் சந்தன நிறத்தில் பட்டையை வரைந்துகொண்டு அதன்மேல் மஞ்சள் கொடுத்தேன். எல்லா நிறத்திலும் துளி வெள்ளை கலந்தேன். சின்ன உருவத்தில் அசல் நிறம் இருண்டு தெரியும் என்பதால்.

அம்மா வந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா பூசிக்கிட்டா சண்டைக்கு வந்தானுங்க?" என்றார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்ததாகப் பாட்டி சொன்ன கதைகளும், சயாமுக்கு ரயில்பாதை போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத தோட்டத்து ஆண்களின் பேச்சும் அம்மாவுக்குள் இருக்கின்றன. இந்தப் பொம்மையை மேசையில் வைக்க இடம் கொடுத்ததே அவருக்குச் சின்ன விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

15 டிசம்பர், ஞாயிறு

சங்கிலிப் பட்டைகள் வினைல், ரப்பர் மாதிரி வளைகிறவை. இரண்டு முனையையும் கோத்து, சூடாக்கிய திருப்புளி நுனியால் ஊசிகளை நசுக்கி மூடினேன். இந்த வினைலில் வண்ணம் சீக்கிரம் உரியும். பூசியபின் வளைக்காமல் இருந்தால் நிற்கும். டெக்கால் என்ற சின்னப் படங்களை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு. இன்றைக்கு இவ்வளவுதான்.

25 டிசம்பர், புதன்

பெரியப்பா வந்திருந்தார். தோட்டத்தில் சங்கிலி டிராக்டர் ஓட்டியே ஓய்வு பெற்றவர். வண்டியைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் அடிப்பக்கத்தையே பார்த்தார். நான் மண் டப்பாவைக் காட்டி எங்கெல்லாம் பூசலாம் என்று கேட்டேன்.

"மேலே பூசாதடா. சக்கரம் சுத்துற இடத்துல சேறு நிக்காது, சங்கிலி வழிச்சு எடுத்துரும். முன்னாடி பல்சக்கரத்துக்குப் பின்னால இருக்கு பாரு இடுக்கு, அங்கதான் அப்பிக்கும். காஞ்சு கட்டியாவும், அதுக்கு மேல மறுபடி ஈரம்."

"சங்கிலி என்ன நிறம் பெரியப்பா? கடையில துரு நிறம்தான் விக்கிறாங்க."

"ஓடுற வண்டியில துரு ஏது? சக்கரம் உரசுற நடுப்பக்கம் எப்பவும் மின்னும். ஒரு வாரம் சும்மா நிறுத்துனாத்தான் துரு கட்டும்."

மோதிர விரலால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினார். ஏறி இறங்கும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்து வண்ணம் போயிருக்கும், டீசல் ஊற்றும் மூடியைச் சுற்றி ஒழுகல் கறை இருக்கும் என்றார். சி-ஹாவும் டீசல் வண்டிதான், காற்றில் குளிரும் 12 சிலிண்டர் இயந்திரம். கறை இருந்தே தீரும். படங்களைப் பார்த்துப் படிப்பதைவிட இரும்புச் சங்கிலியோடு பிழைத்தவரைக் கேட்பது மேல். ஒவ்வொரு தோட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.

4 ஜனவரி 2025, சனி

மண் பூசும் நாள். அள்ளி வந்த செம்மண்ணை வாணலியில் வறுத்து ஈரத்தைப் போக்கினேன். டீ வடிகட்டியில் சலித்தது போதவில்லை. அரை மில்லிமீட்டர் மணல் நம் கண்ணுக்குத் தூள்தான், ஆனால் 1/35-இல் அது பதினேழரை மில்லிமீட்டர் கல். வண்டியில் ஜல்லி ஒட்டியது போலிருக்கும். அதனால் பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டினேன். காகிதத்தில் முகப்பவுடர் மாதிரி விழுந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் எனாமல் வாஷ். அடர்பழுப்பை டர்பன்டைன் வகைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து ஆணித்தலைகளின் ஓரத்தில் தொட்டால் நிழல் மாதிரி படிகிறது. மிஞ்சியதைத் தின்னரில் நனைத்த தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடைத்தேன். அடியில் அக்ரிலிக்கும் வார்னிஷும் காய்ந்து இருப்பதால் எனாமல் அவற்றைக் கரைக்காது. அப்புறம் பளபளப்பைப் போக்கும் மேட் வார்னிஷ். அதன்பின் மண்: மேட் மீடியம் என்ற பளபளப்பில்லாத பசையில் குழைத்து, பெரியப்பா காட்டிய இடுக்குகளில் மட்டும். ஈரத்தில் மண் கறுத்துத் தெரியும், காய்ந்ததும் வெளுக்கும். ஆகவே ஒரு அட்டையில் பூசிக் காயவைத்துப் பார்த்து நிறத்தை முடிவு செய்தேன். வண்டி ஓடியது பெரும்பாலும் தாரில். தோட்டத்துத் துண்டுச் சாலைகளில்தான் மண் பட்டிருக்கும். கித்தா நிழலில் அது எளிதில் காயாது. எனவே கீழே ஈரச் சேறு, பக்கத் தகட்டின் கீழ்ப்பாதியில் தெறிப்பு, மேலே புழுதி கொஞ்சமே. சங்கிலியின் மின்னும் பக்கத்துக்குப் பென்சில் கரியைத் தேய்த்தேன். இரும்பேதான்!

12 ஜனவரி, ஞாயிறு

ஏரியலையும் ஒட்டியாயிற்று. பெரியப்பா பார்த்துவிட்டு, "இது நம்ம துரோலாக் பக்கத்து மண்ணு" என்றார். நான் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

இதற்கு எதிரே நிற்க ஒன்று வேண்டும். ஜப்பான்காரன் வண்டியை மட்டும் செய்துவிட்டு நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. தைப்பிங் போர்க் கல்லறையில் கிடப்பவர்களில் பெயர் தெரியாதவர்களே அதிகம். இந்திய வீரர்கள் எத்தனையோ பேர். 1/35-இல் பிரிட்டிஷ் யூனிவர்சல் கேரியர் தமியாவிலேயே கிடைக்கிறது. இந்தியப் பட்டாளங்கள் மலாயாவில் ஓட்டிய சின்னச் சங்கிலி வண்டி அது, கூரை இல்லாதது. சம்பளம் வந்ததும் தஞ்சோங் மாலிம் போய்க் கோலாலம்பூர்க் கடைக்குக் கொம்யூட்டர் ரயில் ஏறுவேன். சலித்த மண் அரை டப்பா மிச்சம் இருக்கிறது.