மேசை மில்லிங் இயந்திரம்: தூணும் அதன் காலும்

சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் சிறிய மில்லிங் இயந்திரத்தை வீட்டில் கட்டுவதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் மோட்டாரின் வலுவிலிருந்தே தொடங்குகிறார்கள். நான் தூணிலிருந்து தொடங்கினேன். கட்டரின் நுனியில் பிறக்கும் விசை ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் அச்சு), அதைத் தாங்கும் தலை, தூண், அடித்தளம், மேசை என்று சுற்றி வந்து வேலைத்துண்டிலேயே முடிகிறது. அந்தச் சுற்றில் எங்கே நெகிழ்வு இருந்தாலும் அது வெட்டிய பரப்பில் அலையலையான தழும்பாகப் பதிந்துவிடும்.

பனை வளையைத் தட்டையாகக் கிடத்தாமல் நிமிர்த்தி வைக்கும் எங்கள் தச்சர்களுக்கு, விசையின் திசையில் உயரம் கூடினால் வளைவு குறையும் என்ற கணக்கு கைப்பழக்கமாகவே தெரியும். 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள 100க்கு 100 உருக்குப் பொக்ஸ் பாரை (உள்ளே வெறுமையான சதுரக் குழாய்) 400 மில்லிமீற்றர் உயரத் தூணாக நிறுத்தி, உச்சியில் 200 நியூற்றன் விசையைக் கொடுத்தால் அது ஏறத்தாழ 0.0064 மில்லிமீற்றர் வளையும். அதே தடிப்பில் 150க்கு 150 என்றால் வளைவு 0.0018 ஆகக் குறைகிறது. அலுமினியத்தில் இவை ஏறக்குறைய மூன்று மடங்காகும். ஆகவே பெரிய பொக்ஸ் பாரையே கொழும்பிலிருந்து வரவழைத்தேன்.

ஆனால் இந்த எண்கள் தூணின் கால் அசையாது என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டவை. அதைச் சோதிப்பதற்காகத் தூணை 12 மில்லிமீற்றர் அடித்தட்டில் தற்காலிகமாக நிறுத்தி, தலைப்பகுதியில் விற்றராசைக் கொளுவி 20 கிலோ காட்டும் வரை முன்னோக்கி இழுத்தேன். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜின் காலை இயந்திரத்தின் அடித்தளத்திலேயே பொருத்தி, முனையை அடித்தட்டின் பின் விளிம்பில் வைத்திருந்தேன். ஊசி ஒரு கோடு, அதாவது 0.01 மில்லிமீற்றர், மேலே நகர்ந்தது. கேட்பதற்கு அற்பம்தான், எனினும் 150 மில்லிமீற்றர் அகலக் காலில் ஏற்படும் அந்தச் சாய்வு 400 மில்லிமீற்றர் உயரத்தில் 0.027 ஆகிறது. தூண் வளைவதைப் போல அது 15 மடங்கு.

வெல்டிங் செய்த தட்டு சூட்டில் நெளிந்திருக்கும். நீலச் சாயம் பூசி அமர்த்திப் பார்த்தால் ஓரிரு திட்டுகளில் மட்டுமே தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். அவ்வளவு பெரிய தட்டைச் சீவித் தர சுன்னாகத்து லேத் பட்டறையில் வசதி இல்லை. எனவே 25 மில்லிமீற்றர் தட்டுக்கு மாறி, முக்கோணத் தாங்கிகளை ஒட்டி, போல்ட்டுகளை அகலமாகப் பரப்பி, அடித்தட்டுக்கும் இயந்திரத்தின் அடித்தளத்துக்கும் இடையில் உலோகத்தூள் கலந்த எப்பொக்சிப் பிசினை வார்த்தேன். ஒரு பக்கத்தில் மெழுகு பூசியிருந்ததால் வேண்டும்போது கழற்றலாம். போல்ட்டுகளைப் பிசின் முற்றாக இறுகிய பின்னரே முறுக்க வேண்டும்.

தூணின் உள்ளே கருங்கல் சல்லியையும் எப்பொக்சியையும் நிரப்பினேன். இதனால் விறைப்பு பெரிதாகக் கூடாது. அதிர்வு விரைவில் அடங்கும் என்பதே இலாபம். எங்கள் சுண்ணாம்புக்கல் துளைகள் உள்ளது, பிசினைக் குடித்துவிடும் என்பதால் கருங்கல்லையே தேடினேன். சல்லியைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்து, பெரியதும் சிறியதுமாகக் கலந்தால், எடையில் பத்தில் ஒரு பங்களவு பிசின் போதும். யாழ்ப்பாணத்து மத்தியான வெக்கையில் கலவை வாளியிலேயே இறுகிவிடும். விடியற்காலைதான் வார்ப்பதற்கு உகந்த நேரம்.

இப்போது அதே 20 கிலோ இழுப்பில் ஊசி அரைக் கோடும் நகர்வதில்லை. மிஞ்சியிருக்கும் நெகிழ்வு பெரும்பாலும் தலையை மேலும் கீழும் நகர்த்தும் லீனியர் ரெயில்கள் எனும் நேர்த்தண்டவாளங்களில் ஓடும் வண்டிகளில் இருக்கிறது. தலையைத் தாங்கும் மேல் வண்டிக்கும் கீழ் வண்டிக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டினால் அது குறையும். ஆனால் செங்குத்துப் பயணத்தில் 40 மில்லிமீற்றரை இழக்க நேரிடும். தோட்டங்களில் நீரிறைக்கும் மெசின்களுக்கான விளிம்புத் தட்டுகளே நான் பெரும்பாலும் வெட்டப்போவது, அவற்றில் எதுவும் 60 மில்லிமீற்றர் உயரத்தைத் தாண்டாது என்பதால், வண்டிகளைத் தள்ளிப் பொருத்துவதற்கான துளைகளை அடையாளமிட்டுவிட்டேன்.