பத்து நாள் தொழில்முனைவுப் படிப்பு: களத்துக்குக் கிளம்பும் முன் ஓர் எண்ணை எழுதுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது. நிம்மதியாக மூச்சு விட முடிகிற இந்த நேரத்திலேயே, அடுத்த பேட்சுக்குப் பயன்படுவதை எழுதிவிட வேண்டும். படிப்பின் அமைப்பு உங்களுக்கே தெரியும்: நான்கு பேர் அணி, முதலில் களம் (வாடிக்கையாளர்களை நேரில் பார்த்துக் கேட்பது), நடுவில் மாதிரி (சேவையைச் சிறிய அளவில் செய்து பார்ப்பது), பிறகு உண்மையான விற்பனை, கடைசி நாள் பிட்ச் (மதிப்பிடுகிறவர்கள் முன் யோசனையை விளக்குவது). அதைத் திரும்பச் சொல்லவில்லை.

மதிப்பெண்ணைத் தீர்மானித்தது ஒரே ஒரு பழக்கம். களத்துக்குப் போகும் முன், அங்கே என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்களோ அதை எண்ணோடு எழுதி வைப்பது. யோசனை நன்றாக இருந்தும், ஓடியாடி உழைத்தும் பின்தங்கிய அணிகளிடம் இல்லாதது இதுதான்.

காரணம் எளிது. பத்து நாளில் யாரும் ஒரு நிறுவனத்தைக் கட்டிவிட முடியாது. மதிப்பிடுகிறவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் அளக்கக்கூடியது உங்கள் புரிதல் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை மட்டும்தான். நகர்வைக் காட்ட வேண்டுமென்றால் புறப்பட்ட இடம் எழுத்தில் இருக்க வேண்டும். நினைவை நம்ப முடியாது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங்குக்கும் மாஸ்கோவுக்கும் போன பயணங்களின் விளைவுகளை முன்கூட்டியே கணிக்கச் சொல்லி, பயணம் முடிந்த பின் அதே கணிப்புகளை நினைவிலிருந்து சொல்லச் சொன்ன ஆய்வு ஒன்று உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் ஃபிஷாஃப், பேய்த் இருவரும் 1975-இல் வெளியிட்டது. நடந்துவிட்ட விஷயங்களுக்குத் தாங்கள் முன்பே அதிக வாய்ப்பு கொடுத்திருந்ததாகப் பலர் நினைவுகூர்ந்தார்கள். களத்திலிருந்து திரும்பும் அணிக்கும் இதேதான் நடக்கும். மாலையில் எல்லோரும் “இது நமக்கு முன்பே தெரிந்ததுதானே” என்பார்கள். அதோடு அன்றைய பாடம் காணாமல் போகும்.

எழுத வேண்டிய வரியில் நான்கு பகுதிகள்:

– யாரிடம் கேட்கிறோம்
– அவர்கள் ஏற்கெனவே என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறோம்
– 10 பேரில் எத்தனை பேர்
– எத்தனைக்குக் கீழே போனால் யோசனையை மாற்றுவோம்

நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சைக்கிள் பழுதை வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போய்ச் சரிசெய்யும் சேவையை எடுத்துக்கொள்வோம். “சைக்கிள் ஓட்டுபவர்களுக்குப் பழுது பெரிய பிரச்சினை” என்று எழுதினால் அது கணிப்பே இல்லை; எந்தப் பதில் வந்தாலும் பொருந்திவிடும். “தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகும் 10 பேரில் 6 பேர், கடந்த 3 மாதத்தில் பழுதால் ஒரு நாளாவது தாமதமாகப் போயிருப்பார்கள், 3 பேருக்குக் கீழே என்றால் இந்தப் பிரச்சினையை விடுகிறோம்” என்பது கணிப்பு. தவறாவதற்கு இடம் இருக்கிறது.

இனி நேர்காணல். கேள்வி எப்போதும் நடந்து முடிந்ததைப் பற்றி இருக்கட்டும். “இப்படி ஒரு சேவை வந்தால் பயன்படுத்துவீர்களா?” என்று கேட்டால், எதிரில் இருப்பவரின் மனம் நோகக் கூடாதே என்று பெரும்பாலோர் “ஆமாம்” என்றுதான் சொல்வார்கள். அந்த “ஆமாம்”களை எண்ணி விளக்கப்படம் போட்ட அணிகள் விற்பனை நாளில் தடுமாறின. கேட்க வேண்டியவை: கடைசியாக எப்போது பழுதானது, உடனே யாரைக் கூப்பிட்டீர்கள், சரியாக எவ்வளவு நேரம் ஆனது, எவ்வளவு செலவானது, அதற்குப் பிறகு எதையாவது மாற்றிக்கொண்டீர்களா. கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று வந்தால் கவனியுங்கள். தொல்லைதான், ஆனால் பணம் கொடுத்துத் தீர்க்கும் அளவுக்குத் தொல்லை இல்லை என்று அர்த்தம்.

இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் எழுத. பேச்சுக்கு 20 நிமிடம், முடிந்ததும் அங்கேயே நின்று 15 நிமிடம் குறிப்பு. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள், சுருக்க வேண்டாம். அலைச்சலையும் சேர்த்தால் ஒரு ஜோடிக்கு நாளைக்கு ஐந்தாறு பேர்தான் ஒப்பேறும். இரண்டு ஜோடி, மூன்று நாள் என்றால் முப்பதை ஒட்டி வரும். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்குத் தொழில்முனைவைப் பழக்கும் ஐ-கார்ப்ஸ் திட்டத்தில் ஏழு வாரத்தில் 100 நேர்காணல் என்பது இலக்கு. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோரான ஸ்டீவ் பிளாங்க் நடத்திய பாடத்திட்டத்திலிருந்து வந்தது அது. அந்த வேகத்தோடு ஒப்பிட்டால் மூன்று நாளில் முப்பது கடுமையானதுதான், ஆனால் முடிகிற காரியம்.

பன்னிரண்டு பேரைத் தாண்டியும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லையா? பெரும்பாலும் இரண்டு வகை வாடிக்கையாளர்களைக் கலந்துவிட்டீர்கள். தினமும் ஓட்டுகிறவரும் விடுமுறை நாளில் மட்டும் ஓட்டுகிறவரும் ஒரே பட்டியலில் இருக்கக் கூடாது. பிரித்து எண்ணுங்கள், படம் தெளியும்.

தொழில் திட்டத்தை ஒரே தாளில் வரைந்து காட்டும் பிசினஸ் மாடல் கேன்வாஸில் ஒன்பது கட்டங்கள் உண்டு. முதல் நாள் இரண்டை மட்டும் நிரப்பினால் போதும்: யாருக்கு, என்ன மதிப்பு. கூட்டாளிகள் கட்டத்துக்காக அரை நாள் வாதாடுவது வீண். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி போடுங்கள்; பழைய கேன்வாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

மாதிரி செய்யும் கட்டத்தில் செயலி எழுத உட்காராதீர்கள். ஒரு தொலைபேசி எண், ஒரு கருவிப் பை, எட்டு வாடிக்கையாளர்கள். எல்லாவற்றையும் கையாலேயே செய்து பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் கடிகாரம் வையுங்கள். இங்கேயும் கணிப்பு முதலில்: போக 10 நிமிடம், வேலைக்கு 20 நிமிடம் என்று எழுதிவிட்டுப் போனால், போகவே 25 ஆவது தெரியும். 30 என்று நினைத்தது 45 ஆகிறது. எட்டு மணி நேரத்தில் 16 வேலை முடியும் என்ற எண்ணம் 10-க்கு இறங்குகிறது, அதுவும் இடைவெளியே இல்லாமல் ஓடினால். செயலி எழுதியிருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்காது.

கணக்கில் எல்லோரும் சறுக்கும் இடம் இது; கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு வேலைக்கு விலை 100, உதிரி பாகமும் பயணமும் 40, மாத நிலையான செலவு 4,500 என்று வைத்துக்கொள்வோம். ஒரு வேலையில் மிஞ்சுவது 60. 75 வேலையில் செலவு ஈடாகும். பிட்சில் காட்ட அழகான எண். ஆனால் வேலை செய்தவரின் கூலி எங்கே? அணியில் ஒருவரே செய்ததால் யாரும் அதை எழுதவில்லை. கூலி 30 சேர்ந்தால் மிஞ்சுவது 30 மட்டும். 150 வேலை தேவை. இப்போது “அறிமுகச் சலுகை” என்று 10 சதவீதம் குறையுங்கள். மிஞ்சுவது 20, தேவை 225. ஒரே ஆள் மாதம் 25 நாள், நாளுக்கு 10 வேலை செய்தாலும் உச்சவரம்பு 250-தான். பத்து சதவீதச் சலுகை கொடுத்தால், செலவை ஈடுகட்டவே அந்த ஆளின் நேரத்தில் 90 சதவீதம் போய்விடுகிறது. சலுகை கொடுக்கும் முன் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்காத அணி, அதிகம் விற்றே நஷ்டப்படும்.

விற்பனை நாட்களுக்குச் சில:

– வாய்ச் சொல், நேரம் ஒதுக்குதல், பணம்: மூன்றையும் தனித்தனி நிரலில் எழுதுங்கள். கடைசியை மட்டும் விற்பனை என்று எண்ணுங்கள்.
– விலையைச் சொன்னதும் மௌனமாக இருங்கள். உடனே குறைத்துச் சொன்னால் அந்த விலைக்கான பதில் கடைசிவரை கிடைக்காது.
– நண்பர்களுக்கும் உறவினருக்கும் விற்றது தனிக் கணக்கு.
– எவ்வளவு இழந்தால் நிறுத்துவோம் என்பதை முதல் நாளே எழுதுங்கள். தொழில்முனைவு ஆய்வாளர் சரஸ் சரஸ்வதி 2001 முதல் எழுதிவரும் ‘தாங்கக்கூடிய இழப்பு’ என்ற கருத்து இதுதான்.

விதைப் பணத்தை (தொடங்கக் கையில் இருக்கும் பணத்தை) எண்ணிக்கொண்டு யோசனையைச் சுருக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் டீனா சீலிக் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் ஒவ்வொரு அணிக்கும் 5 டாலர், செயல்பட 2 மணி நேரம். அதிகம் சம்பாதித்த அணி அந்த ஐந்து டாலரைத் தொடவே இல்லை. வகுப்பில் தங்களுக்குக் கிடைத்த 3 நிமிட நேரத்தை, மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றது. கையில் என்ன இருக்கிறது என்ற பட்டியலில் திறமை, அறிமுகம், நேரம், இடம் எல்லாம் வர வேண்டும். பணம் கடைசி வரி.

பிட்சில் முதல் இரண்டு நிமிடத்தை மூன்று கணிப்புகளுக்கும் அவற்றின் முடிவுகளுக்கும் கொடுங்கள். இடப்பக்கம் எழுதியது, வலப்பக்கம் நடந்தது, கீழே என்ன மாற்றினோம். தவறிய கணிப்பை ஒளிக்காதீர்கள். கேள்வி நேரம் முழுக்க அங்கேதான் நிற்கும், அங்கேதான் மதிப்பெண்ணும் இருக்கிறது. மூன்றும் சரியாக வந்திருந்தால், பாதுகாப்பான எண்ணாகப் பார்த்து எழுதினீர்களா என்ற சந்தேகம் வரும், அது நியாயமான சந்தேகமும்கூட. வண்ண ஸ்லைடுகளுக்குக் கடைசி இரவைச் செலவழித்தவர்களுக்குக் கிடைத்தது பாராட்டு மட்டும்.

பேசிப் பேசியே தெளிகிற சுபாவம் உள்ளவர்களுக்கு இவ்வளவு எழுதுவது எரிச்சலாகத்தான் இருக்கும். குரலில் பதிந்துகொள்ளுங்கள், பரவாயில்லை. நேரக் குறிப்பு இருக்க வேண்டும், எண் இருக்க வேண்டும்.

கற்றுத் தருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வி ஆய்வாளர் டேவிட் கோல்ப் 1984-இல் வகுத்த அனுபவக் கற்றல் சுழற்சியில் நான்கு கட்டங்கள்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், கருத்தாக்கம், மறுபடி சோதனை. நாட்கள் குறையும்போது முதலில் பலியாவது இரண்டாவது கட்டம். தினமும் மாலை 30 நிமிடத்தை அதற்கென்று பூட்டி வையுங்கள். காலையில் கணிப்புத் தாளை வாங்கிக்கொண்டு மாலையில் திருப்பிக் கொடுத்தால் யாரும் திருத்தி எழுத முடியாது. லாபத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அணிகள் தெரிந்ததையே விற்கும். செலவு ஈடாகும் புள்ளியைப் பற்றிய பாடத்தை முதல் விற்பனை நடந்த மாலையில் எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் சூத்திரம் மட்டும்தான் மனதில் நிற்கும்.

கணிப்பை எழுதும்போது அணியில் நால்வரும் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எண்ணை எழுதுங்கள். ஒருவர் முதலில் உரக்கச் சொல்லிவிட்டால் மற்ற மூவரும் அதை ஒட்டியே எழுதுவார்கள். 2, 4, 6, 9 என்று சிதறி வந்தால் சராசரி எடுக்க வேண்டாம்; நான்கையும் பெயரோடு வைத்துக்கொள்ளுங்கள். 2 போட்டவரும் 9 போட்டவரும் ஒரே ஜோடியாகக் களத்துக்குப் போகட்டும்.