பூங்காச் சுவரில் படம்: மனு கொடுப்பது முதல் கடைசிப் பூச்சு வரை

பாளையங்கோட்டையைச் சுற்றி வயலெல்லாம் மனையாகி, புதுப்புது நகர்கள் வளர்ந்துகொண்டே போகின்றன. அப்படியொரு நகரில் பூங்காவின் காம்பவுண்ட் சுவரில் 60 அடி நீளத்துக்குப் படம் வரைந்து முடித்தோம். இதில் வரைவது கடைசி வேலைதான். சுவரைத் தயார்செய்வதில்தான் முக்கால்வாசி உழைப்பும் போகும்.

முதலில் சுவர் யாருடையது என்று பாருங்கள். மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் பெரும்பாலும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குப் போயிருக்கும். குடியிருப்போர் நலச்சங்கத் தீர்மானம் மட்டும் அதில் வரையப் போதாது. மாநகராட்சியோ ஊராட்சியோ எழுத்தில் அனுமதி தரவேண்டும். மனுவோடு தீர்மான நகல், சுவரின் போட்டோ, அளவு, படத்தின் கலர் நகல் நான்கையும் வைத்துவிடுங்கள். தனி வீட்டுச் சுவர் என்றால், அந்த வீட்டு அண்ணாச்சியிடம் வாய்ச்சொல்லோடு நிற்காமல் கையெழுத்து வாங்குங்கள்.

எந்தப் படம் என்பதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு கவனம் வேண்டும். கம்பத்திலும் சுவரிலும் பட்டை பட்டையாக வண்ணம் பூசினாலே சாதி அடையாளமாகப் பார்க்கப்படும் ஊர் இது. ஆகவே இரண்டு மூன்று நிறப் பட்டைகள் அடுத்தடுத்து வராதபடி படத்தை அமைத்தோம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துச் சங்குவளை நாரை, பூநாரை, பனை, தாமிரபரணிப் படித்துறை என்றால் எல்லாத் தெருவுக்கும் பொது.

இனி சுவர். புது சிமென்ட் பூச்சு என்றால், தண்ணீர் விட்டு நீராற்றி முடிந்த பிறகும் காயவிட்டு, மொத்தம் 28 நாளாவது போகவேண்டும். உப்பான போர்த்தண்ணீரில் பூசிய சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த நிலையிலேயே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட வேண்டும். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் பெயின்ட் தொடவே கூடாது. மண்ணிலிருந்து ஈரம் ஏறுவதால் அடியில் ஓரடிக்குப் படம் வேண்டாம். அங்கே காவிப் பட்டை போதும், உரிந்தாலும் திரும்ப அடிப்பது சுலபம். சுவரின் தலையில் சரிவான மூடி இல்லையென்றால் மழைநீர் மேலிருந்து இறங்கி, பூச்சுக் கொப்பளித்துவிடும். எங்கள் செலவில் மிகப் பயனுள்ளது அந்த மூடிதான்.

காலமும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடிக் காற்று ஈரப் பெயின்டில் மண்ணை அள்ளி ஒட்டும். சித்திரையில் சுவர் சுட்டு, பிரஷ் இழுபடும். தை பாதிக்குமேல் பங்குனி முதல்வாரம் வரைதான் தோது. கிழக்கு பார்த்த சுவரில் மாலையிலும் மேற்கு பார்த்ததில் காலையிலும் வேலை செய்யுங்கள்.

அடியிலுள்ள காவிப் பட்டை போக 300 சதுர அடிக்கு வெளிச்சுவர் பிரைமர் 4 லிட்டர், வெள்ளை எமல்ஷன் 10 லிட்டர் வாங்கினோம். வெள்ளையை இரண்டு முறை அடிக்க 6 லிட்டர் போதும். மிச்சம் வண்ணம் கலக்க. நிறத்துக்காகக் கலக்கும் ஸ்டெய்னரை லிட்டருக்கு 40 மில்லிக்கு மேல் ஊற்றினால் சரியாகக் காயாது, பிறகு கையில் மாவாக ஒட்டும். அடர்த்தியான நிறங்களைக் கடையில் மெஷினிலேயே கலந்து வாங்கிவிடுங்கள். காவி, மஞ்சள் ஆக்சைடுகள் வெயிலைத் தாங்கும். ரோஸும் ஊதாவும் சீக்கிரம் வெளுக்கும். பூநாரைக்கு ரோஸ் கேட்டவர்களிடம் இதைச் சொல்லி, காவி கலந்த வெளிர்சிவப்புக்குச் சம்மதிக்க வைத்தோம்.

ஓர் அங்குலத்துக்கு ஓர் அடி என்று தாளில் கட்டம் போட்டு, சுவரில் சாக்பீஸ் தடவிய நூலால் அதே கட்டத்தைச் சுண்டிவிட்டால் கைபழகாதவர்களும் கோடு பிசகாமல் வரையலாம். மேலே வார்னிஷ் வேண்டாம். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளமாகும்.

ஒவ்வொரு நிறத்திலும் கால் லிட்டர், தண்ணீர் கலக்காமல் மூடி, பெயரெழுதி வையுங்கள். யாராவது போஸ்டர் ஒட்டினால் சுரண்டாமல் ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மட்டும் தொட்டுக்கொள்ளலாம். தண்ணீர் கலந்ததை எடுத்து வைத்தால் நாறிப் போகும்.