வாக்குக் கேட்டு வரும் வார்டு உறுப்பினரிடம்

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்கள் தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால் ஆகியவற்றைச் சரிசெய்வதாக உறுதியளிப்பது இயல்பே. அன்றாட வாழ்வைத் தாங்கி நிற்கும் இச்சேவைகளை நான் ஒருபோதும் சிறியவையாகக் கருதுவதில்லை. ஆயினும், ஒரு மாமன்ற உறுப்பினர் தனியொருவராக நிதி ஒதுக்கவோ ஒப்பந்தம் வழங்கவோ இயலாது என்பதால், "செய்து தருவேன்" என்பவரைவிட, எந்தக் கோரிக்கையை மன்றத்தில் எப்படி எழுப்புவேன் என்று விளக்குபவரையே நான் நம்புகிறேன்.

1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், 3 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் வசிப்பவர்கள் கூடித் தம் குறைகளைப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களும் தொடங்கின. அடைபட்ட வடிகாலின் அருகில் வசிப்பவரே அங்கு எழுந்து பேச முடியும். மக்களாட்சியில் இதைவிட நேரடியான இடம் வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். எனவே, அக்கூட்டங்களைத் தவறாமல் கூட்டுவீர்களா, சென்ற கூட்டத்தின் கோரிக்கைகள் என்னவாயின என்று அடுத்த கூட்டத்தில் வாசிப்பீர்களா என வேட்பாளரிடம் கேளுங்கள்.