டிரங்குப் பெட்டியும் வாய்மொழித் தேர்வும்

முதுகலை மானிடவியல் ஆய்வேட்டுக்கு 'குடியுரிமை, அரசியல் பங்கேற்பு, உடல்நலம்' என்று வாய் கொள்ளாத தலைப்பை எடுத்துக்கொண்டு நீலகிரி மாவட்டத்துக் கூடலூருக்குப் பஸ் ஏறினேன். இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு நான் சறுக்கிய இடங்களைச் சொல்கிறேன்.

முதல் சறுக்கல், கேள்வித்தாள். 'சென்ற தேர்தலில் வாக்களித்தீர்களா?' என்று தோட்டத்து லைன் வீடுகளில் கேட்டால், 'போட்டோமே' என்பார்கள். நாற்பது வீட்டிலும் அதே பதில். தாள்களை மூட்டை கட்டினேன்.

இங்கே பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அங்கே தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. இரு நாட்டுப் பிரதமர்களும் போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் தமிழ்நாட்டில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே தொடங்கியது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது ஓர் அம்மாயியின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசும்போதுதான் பிடிபட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா?" என்றேன். அவர் கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள், இலங்கையிலிருந்து வந்திறங்கியபோது மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, மடிப்பில் கிழிந்த பழைய பாஸ்போர்ட், ஆதார். ஒன்றில் மாரியாயி, இன்னொன்றில் மாரியம்மாள். "பெயர் ஒத்துவரவில்லை என்று மருத்துவக் காப்பீட்டு அட்டை தரவில்லை, பிள்ளை. மூன்று தடவை போனேன்." ஒருமுறை போய் வந்தால் ஒருநாள் கூலி போகும்.

ஆகவே, உடம்பிலிருந்து தொடங்குங்கள். குடியுரிமை தானாக வரும். பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு வீடு திரும்பும் மாலையில் போங்கள். ஆடி மழையில் பேனா எழுத்து கரைந்துவிடும், பென்சில்தான் சரி. ஆவணங்களைப் படம் எடுக்காதீர்கள். அவர்களாகக் காட்டினாலும் கேட்டுக்கொண்டுதான் குறிப்பெடுக்க வேண்டும்.

வாய்மொழித் தேர்வில், அட்ரியானா பெட்ரினாவின் 'உயிரியல் குடியுரிமை' இங்கே பொருந்துமா என்று கேட்டார்கள். செர்னோபில் விபத்துக்குப் பிறகு உக்ரைனில் கதிர்வீச்சால் கெட்ட உடம்பையே சான்றாகக் காட்டி மக்கள் அரசிடம் உரிமை கேட்டதை ஆராய்ந்தவர் அவர். "இங்கே தலைகீழ்" என்றேன். "அங்கே நோயைக் காட்டி உரிமை கேட்டார்கள். இங்கே நோயைக் காட்டுவதற்கே முதலில் காகிதம் வேண்டும்." பெட்டிக் கதையையும் சொன்னேன்.

கோட்பாட்டில் குடைவார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த அம்மாவுக்கு அட்டை கிடைத்ததா?" என்று மட்டும் கேட்டார்.

கிடைத்தது. நான்காவது தடவை போனபோது.